புயல்ல கிளை விழுந்த ஏசிக்கு க்ளெய்ம் குறைச்சா என்ன பண்றது?

கேள்வி: புயல் அடிச்ச ராத்திரி பக்கத்து வீட்டு மரக்கிளை முறிஞ்சு எங்க ஏசி அவுட்டோர் யூனிட் மேல விழுந்திருக்கு, இருட்டுல தெரியல. காலைல கரண்ட் வந்ததும் ரிமோட்ல ஆன் பண்ணேன், கொஞ்ச நேரத்துல கருகுற வாடை. வளைஞ்ச தகடுக்கு மட்டும்தான் பணம், உள்ள இருக்கற சர்க்யூட் போர்டு எரிஞ்சது மின்கோளாறு, மெஷினும் பழசுங்கறார் சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயர். மெக்கானிக் பழைய யூனிட்டை எடுத்துட்டுப் போறேங்கறார். குடுத்துடலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. முதல்ல மெக்கானிக்குக்கு போன் பண்ணி அந்த யூனிட் இருந்த இடத்துலயே இருக்கட்டும்னு சொல்லிடுங்க, ஏன்னா உங்ககிட்ட இருக்கற பெரிய சாட்சியே அதுதான். நல்ல க்ளெய்ம் எத்தனையோ பழைய பொருளை தூக்கிக் குடுத்ததாலயே வீணாப் போயிருக்கு, அதைப் பார்க்கறப்ப மனசு ஆறாது.

இதுல சண்டையே போர்டு ஏன் எரிஞ்சதுங்கறதுதான். அவுட்டோர் யூனிட்டோட முன்பக்க கம்பிவலையை கிட்டப் போய் பாருங்க (மெயின்ல எம்சிபி ஸ்விட்சை இறக்கி கரண்டை நிறுத்திட்டு). வலை உள்ள அமுங்கி ஃபேன் றெக்கைல உரசின கீறல் இருக்கா, காயில் தகடு இடுக்குல மரப்பட்டை சிக்கியிருக்கா, ஃபேனை கையால சுத்தினா நிக்குதா. ஃபேன் சுத்த முடியாம மாட்டிக்கிட்டா மோட்டார் கரண்டை இழுக்கும், சூடு வெளியேறாது, போர்டு போகலாம். அப்படின்னா போர்டை எரிச்சது புயல்தான், மின்கோளாறு அதோட கடைசிப் படி. வெறுமனே கரண்ட் வந்தப்ப வோல்டேஜ் எகிறி போயிருந்தா அது வேற கதை, பாலிசில அதுக்குன்னு தனி கவர் இருக்கான்னு பார்க்கணும்.

இன்சூரன்ஸ் சட்டத்துல இதுக்கு ஒரு பழைய தீர்ப்பு இருக்கு. 1915ல இகாரியாங்கற கப்பலை டார்பிடோ தாக்குச்சு, ஓட்டையோட அதை பிரான்ஸ்ல லே ஆவ்ர் துறைமுகத்துக்கு கொண்டு வந்தாங்க, அங்க காத்தும் அலையும் சேர்ந்து அலைக்கழிச்சு கடைசில மூழ்கிடுச்சு. போர்ச் சேதத்துக்கு பாலிசில பணம் கிடையாதுங்கறதால, அலையாலதான் மூழ்குச்சுன்னு கப்பல்காரங்க வாதாடினாங்க. 1918ல இங்கிலாந்து பிரபுக்கள் சபை (அப்ப அங்க அதுதான் உச்ச நீதிமன்றம் மாதிரி) அப்படி இல்ல, டார்பிடோதான் காரணம்னு சொல்லிடுச்சு. கடைசியா நடந்தது எதுன்னு பார்க்கக் கூடாது, நஷ்டத்தை உண்டாக்கின அழுத்தமான காரணம் எதுன்னு பார்க்கணும். அன்னைக்கு கப்பல்காரங்களுக்கு எதிரா போன அதே நியாயம் இன்னைக்கு உங்க பக்கம் நிக்குது.

அதனால மெக்கானிக்கோட சர்வீஸ் ரிப்போர்ட்ல "போர்டு அவுட்"னு ஒரு வரி இருந்தா பத்தாது, எதனால அவுட்டுன்னு அவர் பார்த்ததை பார்த்தபடி தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. பார்க்காததை எழுதச் சொல்லவே சொல்லாதீங்க, ஒரு பொய் மாட்டினா உண்மையான பகுதியும் சேர்ந்து போயிடும். நீங்க ஆன் பண்ணதையும் மறைக்க வேண்டாம். கிளை விழுந்தது தெரிஞ்சே போட்டிருந்தா சேதத்தை நீங்களே பெருசாக்கிட்டீங்கன்னு அவங்க சொல்லலாம், தெரியாம வீட்டுக்குள்ள இருந்து ரிமோட்டை அமுக்கினது அப்படி இல்ல.

மெஷின் பழசுங்கறதுக்கு பதில் சுருக்கமானது. பாலிசில எழுதியிருந்தா தேய்மானம் கழிச்சுத் தரலாம், ஆனா கழிச்சுத் தர்றது வேற, தரவே மாட்டேங்கறது வேற. விலக்குப் பிரிவை, அதாவது இதுக்கெல்லாம் பணம் கிடையாதுன்னு சொல்ற பிரிவைக் காட்டி மறுத்தா அது பொருந்தும்னு நிரூபிக்க வேண்டியது பொதுவா கம்பெனிதான், வாசகம் ரெண்டு அர்த்தம் குடுத்தா அதை எழுதினவங்களுக்கு எதிராத்தான் படிப்பாங்க. வாரண்டி பக்கம் போகாதீங்க, அது தயாரிப்புக் குறைக்குத்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இப்போதைக்கு சண்டை வேண்டாம். மரம் ஏற்கனவே உளுத்துப் போய், அது அவருக்குத் தெரிஞ்சும், இல்ல தெரிஞ்சிருக்க வேண்டியதா இருந்தும் வெட்டாம விட்டிருந்தாத்தான் அவர் மேல பொறுப்பு வரும், நல்லா இருந்த மரம் புயல்ல முறிஞ்சா கஷ்டம். ஆனா அவர்கிட்ட "இனி எந்தக் கோரிக்கையும் இல்ல"ன்னு எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க, பணம் குடுத்தப்புறம் உங்க இடத்துல நின்னு அவர்கிட்ட கேக்கற உரிமை இன்சூரன்ஸுக்கு உண்டு, அதை நீங்க கெடுத்ததா ஆகும்.

சர்வேயர் வாயால சொன்னதை மறுப்பா எடுத்துக்காதீங்க. எந்தப் பிரிவுப்படி போர்டை மறுக்கறீங்கன்னு எழுத்துல கேளுங்க, போட்டோவையும் ரிப்போர்ட்டையும் வச்சு மறு ஆய்வு கேளுங்க, சர்வேயர் அறிக்கை நகலும் கேளுங்க. "முழு மற்றும் இறுதித் தீர்வு"ன்னு போட்ட வவுச்சரை நீட்டினா கையெழுத்துக்கு முன்னாடி ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. மறுப்புக் கடிதம் வந்துட்டா அதுல இருக்கற தேதியை குறிச்சு வச்சுக்கங்க, மேல்முறையீட்டுக் கெடு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.