அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்தே இருப்பது ஏன்?

உபுண்டு லினக்ஸில் 12 ஜிபி லாக் ஃபைலை (புரோகிராம் தன் நடவடிக்கைகளைப் பதிந்துவைக்கும் ஃபைல்) ஆர்எம் என்ற அழிக்கும் கட்டளை கொடுத்து அழித்தும், டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 100% என்றே காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். ஆர்எம் நீக்குவது ஃபைலின் பெயரை மட்டும்தான். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் விடுபடாது. ஃபைல்களின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையின் கணக்கு டிஎஃப்போடு ஒத்துப்போகாததும் இதனால்தான்.

அழித்த பிறகும் திறந்தே இருக்கும் ஃபைல்களைப் பார்க்க 'சுடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' கொடுத்துப் பாருங்கள் ('சுடோ' என்பது நிர்வாகி உரிமையோடு இயக்குவதற்கு); பிளஸ்ஸுக்குப் பின் வரும் எல் பெரிய எழுத்து. அப்படிப்பட்ட ஒவ்வொரு ஃபைலின் வரியின் கடைசியிலும் 'டெலீட்டட்' என்று இருக்கும். அந்த வரியில் முதலில் புரோகிராமின் பெயர், அடுத்து அதன் பிஐடி, அதாவது ஓடும் புரோகிராமுக்கு சிஸ்டம் தரும் அடையாள எண். அந்த சர்வீஸை (பின்னணியில் ஓடும் புரோகிராம்) சிஸ்டம்சிடிஎல் கட்டளை மூலம் ரீஸ்டார்ட் செய்தால் போதும், இடம் உடனே திரும்பிவிடும். அவசரப்பட்டு, புரோகிராமை வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில் -9' போடாதீர்கள். டேட்டாபேஸ் என்றால் பாதியில் எழுதிக்கொண்டிருந்தது அப்படியே அறுந்துவிடும்.

இனி ஓடிக்கொண்டிருக்கும் லாகை அழிக்கவே வேண்டாம். 'சுடோ ட்ரங்கேட் -எஸ் 0' என்று அடித்து, பின்னால் ஃபைல் பெயரைக் கொடுங்கள். ஃபைல் இருக்கும், உள்ளே காலியாகிவிடும்.