காய்ச்சலோடு காது மந்தமானால்: புருசெல்லோசிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆடு வளர்க்கும் என் அண்ணனுக்கு இரண்டு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், இடுப்புவலி. புருசெல்லோசிஸ் என்று மாத்திரை தருகிறார்கள். இப்போது தலைவலியும் இடது காது மந்தமும் சேர்ந்திருக்கின்றன. அதே கிருமிதான் காரணமா?

பதில்: இருக்கலாம். அதனால் உடனே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆடு, மாடுகளிடமிருந்து புருசெல்லா என்ற கிருமியால் தொற்றும் இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு சுமார் 5 பேருக்கு நரம்பு மண்டலம் பாதிக்கப்படுகிறது. கிருமி நம் வெள்ளையணுக்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வது. அவற்றோடு சேர்ந்தே மூளை உறைவரை போய்விடுகிறது. அங்கே அழற்சி உண்டானால் தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் வரும். கழுத்து விறைப்பு பலருக்கு இருப்பதில்லை. அது இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். மூளையிலிருந்து வரும் நரம்புகளில் அதிகம் அடிபடுவது காது நரம்பு. கண்ணை அசைக்கும் நரம்பு பாதித்தால் ஒன்று இரண்டாகத் தெரியும். முக நரம்பு பாதித்தால் வாய் கோணும். தண்டுவடம் பாதித்தால் கால்கள் விறைத்து நடை தடுமாறும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும். முதுகெலும்பில் சீழ் கோத்துத் தண்டுவடத்தை அழுத்தினாலும் இதே தொல்லைகள் வரும். அதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடக்கூடாது.

அடுத்து, முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவட நீரை எடுத்துப் பார்ப்பார்கள். அதில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கூடி, புரதம் ஏறி, சர்க்கரை குறைந்திருந்தால் காசநோய் மூளைக்காய்ச்சல் போலவே தோன்றும். இரண்டையும் குழப்பிக்கொள்வது இந்த இடத்தில்தான். ரிஃபாம்பிசின் என்ற மருந்து இரண்டு கிருமிகளுக்கும் வேலை செய்யும். அதனால் காசநோய் மருந்திலேயே ஓரளவு தேறியதுபோல் தெரிந்து உண்மை மறைந்துவிடக்கூடும். ஆடு வளர்ப்பதையும் காய்ச்சாத பால் குடித்திருந்தால் அதையும் நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த நீரிலும் புருசெல்லாவை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பரிசோதனை செய்யச் சொல்வார்.

சாதாரண புருசெல்லோசிஸுக்கு 6 வாரம் மருந்து போதும். நரம்பு பாதித்தால் அது போதாது. பெரியவர்களுக்கு வழக்கமாக செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் ஊசி 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, குறைந்தது 4 வாரம். கூடவே டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினமும் இரு வேளையும், ரிஃபாம்பிசின் 600 முதல் 900 மி.கி. தினமும் ஒரு வேளையும். தண்டுவட நீர் சரியாகும்வரை, பெரும்பாலும் 3 முதல் 6 மாதம், மாத்திரை தொடரும். சாதாரண புருசெல்லோசிஸுக்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி தண்டுவட நீருக்குள் சரியாகப் போவதில்லை, காதையும் கெடுக்கும். உங்கள் அண்ணனுக்கு அந்த ஊசி போடப்பட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசினால், பயம் வேண்டாம். டாக்சிசைக்ளினைப் பாலோடும் இரும்புச்சத்து மாத்திரையோடும் விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

கேள்வி: ஒரே தட்டில் சாப்பிடுகிறோம். எங்களுக்கும் தொற்றுமா?

பதில்: தட்டு, இருமல், தொடுதல் வழியாகப் பரவாது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக அபூர்வம். உடலுறவு, ரத்ததானம், உறுப்பு மாற்று, தாயிடமிருந்து கருவுக்கு, தாய்ப்பால் ஆகிய வழிகளில் சிலருக்கு வந்ததுண்டு. சிகிச்சை முடியும்வரை ஆணுறை அணியட்டும், ரத்தம் கொடுக்க வேண்டாம். அதைவிட முக்கியம், அதே ஆட்டின் பாலைக் காய்ச்சாமல் குடித்தவர்களும், கரு கலைந்த ஆட்டையோ நஞ்சுக்கொடியையோ வெறுங்கையால் தொட்டவர்களும் பரிசோதித்துக்கொள்வது. நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் 1 முதல் 4 வாரம் ஆகும். சிலருக்குப் பல மாதம்கூட ஆகலாம்.

கேள்வி: அறிகுறிகள் அப்படியே இருந்தும் ரத்தப் பரிசோதனையில் "இல்லை" என்று வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: அதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ரத்த நீரைப் படிப்படியாக நீர்த்து, அதில் கிருமிகள் திரளுகின்றனவா என்று பார்ப்பது திரட்சிப் பரிசோதனை. அதில் எதிர்ப்பொருள் அளவுக்கு மீறி இருந்தால், முதல் சில குழாய்களில் கிருமிகள் திரளாமலே போகும். 1:20, 1:40 அளவோடு நிறுத்திவிட்டால் தவறான முடிவு வரும். 1:1280 வரையாவது நீர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய தொற்றென்றால், திரட்சியில் தப்பும் எதிர்ப்பொருளைக் காட்டும் கூம்ப்ஸ் பரிசோதனை உதவும். நாயிடமிருந்து வரும் வகை இந்தப் பரிசோதனைகளில் தெரியாது. அதற்கு ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். மாதிரியை அனுப்பும்போதே "புருசெல்லா சந்தேகம்" என்று எழுதச் சொல்லுங்கள். கிருமி மெதுவாக வளர்வதால் அதை வளர்க்கும் ஆய்வகத் தட்டைச் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடமாட்டார்கள். மூச்சோடு உள்ளே போனாலே தொற்றும் கிருமி என்பதால் ஆய்வக ஊழியர்களும் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாள்வார்கள்.