வீட்டுச் சர்வரிலிருந்து மடல் ஏன் வெளியேறுவதில்லை?

கேள்வி: வீட்டிலுள்ள பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் அமைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு மடல்கூட வெளியே போகவில்லை. அதே இணைப்பில் ஜிமெயில் தடையின்றி இயங்குகிறது. இணைய நிறுவனம் என் மடல்களை மறிப்பது முறையா?

பதில்: நிறுவனம் மறிப்பது உங்கள் மடல்களை அன்று, பெரும்பாலும் 25ஆம் எண் போர்ட்டை மட்டுமே. ஓர் அஞ்சல் சர்வர் மற்றொரு சர்வரிடம் மடலை ஒப்படைக்கும் வாயில் அது. 1982இல் மடல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை வகுக்கப்பட்டபோது, அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. 2003இல் பரவிய சோபிக் என்ற கணினிப் புழு, மடல் அனுப்பும் நிரலைத் தன்னுள்ளேயே சுமந்துவந்து, தொற்றிய வீட்டுக் கணினியிலிருந்து உரிமையாளருக்குத் தெரியாமலேயே பெறுநரின் சர்வருக்கு நேராக மடல்களைக் கொட்டியது. இத்தகைய கணினிகளை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்துவதைவிட வாயிலை அடைப்பது எளிது என்று நிறுவனங்கள் முடிவு செய்தன. அமெரிக்காவில் காம்காஸ்ட் 2004இலும், ஜப்பானிய நிறுவனங்கள் 2005 முதலும் இதில் இறங்கின. பிரேசிலில் நாடு தழுவிய திட்டமாகவே இது நிறைவேறியது.

சாதாரணப் பயனருக்கு இதனால் இழப்பில்லை. அவுட்லுக், தண்டர்பேர்ட் போன்ற செயலிகள், பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் 587 அல்லது 465ஆம் போர்ட் வழியாக மடலை ஒப்படைக்கின்றன. உலாவியில் திறக்கும் ஜிமெயிலுக்கு அதுவும் தேவையில்லை. ஆகவே தடையை நான் நியாயமென்றே கருதுகிறேன். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் செய்வதும், காரணம் காட்டிக் கேட்பவருக்கும் திறந்துவிட மறுப்பதும் நியாயமல்ல.

திறந்துவிட்டாலும் உங்கள் சிக்கல் முழுமையாகத் தீர்ந்துவிடாது. வீட்டு இணைப்புகளின் ஐபி முகவரிகள் குப்பை மடல்களைக் கண்காணிக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில், அதாவது நேரடியாக மடல் அனுப்பக் கூடாத முகவரிகளின் பட்டியலில், பெருமளவில் இடம்பெற்றிருப்பதால், அப்பட்டியலைப் பார்க்கும் சர்வர்கள் உங்கள் மடலை வாசலிலேயே திருப்பிவிடும். ஐபி முகவரியைக் கொண்டு சர்வரின் பெயரைக் கண்டறிய உதவும் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு இல்லாவிட்டாலும் பலர் ஏற்பதில்லை.

ஆகவே உங்கள் சர்வரை அப்படியே வைத்துக்கொண்டு, வெளிச்செல்லும் மடல்களை மட்டும் 587 வழியாக ஓர் அஞ்சல் சேவைக்கு அனுப்பி, அங்கிருந்து போகச் செய்யுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் ரிலேஹோஸ்ட் என்ற அமைப்பு இதற்கென்றே உள்ளது. நேரடியாகத்தான் அனுப்ப வேண்டுமென்றால், நிலையான ஐபி முகவரி தரும் வணிக இணைப்பைக் கேளுங்கள். 25ஆம் போர்ட் திறந்திருக்குமா, தலைகீழ் பதிவை அமைத்துத் தருவார்களா என்ற இரண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.