கேப்பிடல் லெட்டர் மரியாதைக்கு அல்ல

கேள்வி: அலுவலக மின்னஞ்சல்களை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறேன். கேப்பிடல் லெட்டரில் மட்டும் தடுமாற்றம். 'ஐ நீட் லீவ் ஆன் மண்டே டு மீட் மை டாக்டர்' என்று எழுதியபோது லீவ், டாக்டர் இரண்டுக்கும் கேப்பிடல் போட்டேன், மண்டேவுக்குப் போடவில்லை. மேனேஜர் மூன்றையும் திருத்திவிட்டார். என்னதான் கணக்கு?

பதில்: மேனேஜர் செய்தது சரி. அந்த வரியில் கேப்பிடல் இரண்டே இடத்தில்தான் வரும்: தொடக்கத்து ஐ, அப்புறம் மண்டேயின் எம்.

தமிழில் எழுத்துக்குப் பெரிது சிறிது கிடையாது. மரியாதையை விகுதியிலேயே காட்டிவிடுகிறோம்: வந்தார், சொன்னார்கள். ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லாததால் கை கேப்பிடலைத் தேடிப் போகிறது. டாக்டர் பெரியவர், லீவ் முக்கியமானது, போடு பெரிய எழுத்து! ஆனால் கேப்பிடல் காட்டுவது ஒன்றைத்தான்: இது தனிப்பெயர். டாக்டர் என்பது ஒரு தொழில், அதனால் சின்ன டி. அவர் பெயரைச் சேர்த்து 'டாக்டர் இன்னார்' என்றால் அது பெயரின் பகுதி, பெரிய டி. 'மை ஃபாதர்' சின்ன எஃப். அப்பாவை 'ஃபாதர்' என்றே கூப்பிட்டு எழுதினால் பெரிய எஃப். முன்னால் 'மை', 'யுவர்', 'அ' வந்தால் பெரும்பாலும் சின்ன எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் மரம் பொதுப்பெயர், வாழை சிறப்புப்பெயர் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஆங்கிலத்தில் வாழையும் சின்ன எழுத்துதான்.

கிழமைகளும் மாதங்களும் பெயர்கள், கேப்பிடல் உண்டு. பருவங்களுக்கு இல்லை, ஏப்ரலுக்குப் பெரிய ஏ, சம்மருக்குச் சின்ன எஸ். இதற்கு நியாயம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை, வழக்கம் அப்படி. தமிழ், இங்கிலீஷ், ஃபிரெஞ்ச் ஆகிய மொழிப்பெயர்களுக்கு எப்போதும் உண்டு. கணக்கு, வரலாறு போன்ற பாடங்களுக்கு வேண்டாம். நார்த் என்பது திசையானால் சின்ன என். சவுத் அமெரிக்கா என்ற கண்டத்தின் பெயரானால் பெரிய எஸ். சில சொற்களில் பொருளே மாறிவிடும்: 'மார்ச்' சின்ன எம்மில் அணிவகுப்பு, பெரிய எம்மில் மாதம். 'பாலிஷ்' சின்ன பியில் மெருகு. பெரிய பி போட்டால் உச்சரிப்பும் மாறி 'போலிஷ்' ஆகும், போலந்து மொழி.

'நான்' என்னும் ஐ வரியின் நடுவில் வந்தாலும் கேப்பிடல்தான். ஆனால் மி, மை இரண்டும் சின்ன எழுத்து. தற்பெருமை காரணமில்லை, தனியாக நிற்கும் சின்ன ஐ கையெழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

முக்கியமான சொல்லையெல்லாம் பெரிதாக எழுதும் ஆசை ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் இருந்தது. 1776ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைப் பாருங்கள்: லைஃப், லிபர்ட்டி, ஹாப்பினஸ் மூன்றுக்கும் கேப்பிடல், நடுவில் வரும் 'பர்சூட்' மட்டும் சின்ன பி. ஜெர்மன் மொழியில் இன்றும் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் கேப்பிடல் போடுகிறார்கள். ஆங்கிலம் அதைக் கைவிட்டுவிட்டது. இன்னும் உதறிக்கொண்டுதான் இருக்கிறது: 'இன்டர்நெட்' என்பதன் பெரிய ஐயை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2016இல்தான் சின்னதாக்கியது.

தலைப்புகளில் எந்தெந்தச் சொல்லுக்குக் கேப்பிடல் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்கள் இடத்து வழக்கத்தைப் பின்பற்றுங்கள், போதும்.

மின்னஞ்சலுக்கு வருவோம். 'டியர் சர்' என்பதில் இரண்டு சொல்லுக்கும் கேப்பிடல். 'யுவர்ஸ் சின்சியர்லி'யில் முதல் சொல்லுக்கு மட்டும். நடுவில் 'மை மேனேஜர்' என்று வந்தால் சின்ன எம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெயருக்குக் கீழே தனி வரியில் உங்கள் பதவியைப் போடும்போது கேப்பிடல் வைத்துக்கொள்ளலாம்.