குற்றம் குறைந்ததே, அது போதாதா?

அன்புள்ள ஐயா,
சிகாகோவில் 1993-ல் தொடங்கிய சமூகக் காவல் திட்டத்தைப் பற்றி, அதாவது போலீஸும் பகுதி மக்களும் சேர்ந்து பிரச்சினைகளைத் தீர்க்கும் முறையைப் பற்றி, கட்டுரை எழுதுகிறேன். அதற்குப் பின் அங்கே குற்றம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. வெற்றிக்கு அதுவே சான்றல்லவா? மதிப்பீட்டை ஏன் பத்தாண்டுக்கும் மேல் இழுத்தார்கள்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

குற்ற எண்ணிக்கையிலிருந்து தொடங்காதீர்கள். தொண்ணூறுகளில் அமெரிக்காவில் இப்படியொரு திட்டம் இல்லாத ஊர்களிலும் குற்றம் சரிந்தது. தவிர, பதிவேட்டில் இருப்பது புகாராக வந்தவை மட்டுமே. போலீஸ்மேல் நம்பிக்கை வந்தால் ஜனங்கள் துணிந்து புகார் கொடுப்பார்கள். எண்ணிக்கை ஏறும், நன்றாக நடக்கும் திட்டம் தோற்றதுபோலத் தெரியும்.

வெஸ்லி ஸ்கோகன் தலைமையிலான நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் போனது. நகரின் 25 காவல் மாவட்டங்களில் முதலில் 5-ல்தான் திட்டம் வந்தது. அது தொடங்குமுன்பே அங்குள்ள மக்களிடமும், அதே சாயலுள்ள வேறு பகுதி மக்களிடமும் கருத்துக் கணிப்பு எடுத்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டார்கள். பல ஊர்களில் சறுக்குவது இந்த இடத்தில்தான். திட்டம் ஊர் முழுக்கப் பரவியபின் மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவார்கள். அப்போது 'முன்பு எப்படி இருந்தது' என்பதற்குக் கணக்கும் இருக்காது, ஒப்பிட இடமும் மிஞ்சாது.

அடுத்த கேள்வி, சொன்னது நடந்ததா என்பது. நகரை 279 பீட்களாக (காவலர் ரோந்து வரும் சிறு பகுதிகளாக) பிரித்து, ஒவ்வொன்றிலும் போலீஸும் குடியிருப்பவர்களும் சந்திக்க மாதம் ஒரு கூட்டம் என்று வைத்தார்கள். தலையை மட்டும் எண்ணினால் ஒன்றும் தெரியாது. ஆளை உட்காரவைத்துக் குறிக்க வேண்டும்: எந்தப் பிரச்சினை எழுந்தது, தீர்வைச் சொன்னது காவலரா குடியிருப்பவரா, போன மாதம் சொன்னது என்ன ஆயிற்று என்று யாராவது வந்து பதில் சொன்னார்களா. என் பார்வையில் இந்தக் கடைசிக் கட்டம்தான் உயிர். எரியாத தெருவிளக்கைப் பற்றி மூன்று கூட்டம் பேசியும் பதில் வராவிட்டால் நான்காவது கூட்டத்துக்கு எவரும் வரமாட்டார்கள்.

வசதியானவர்கள்தான் வருவார்கள் என்ற எண்ணம் அங்கே பொய்த்தது. குற்றம் மிகுந்த கறுப்பினப் பகுதிகளில் வருகை அதிகம். ஆனால் ஒவ்வொரு பீட்டுக்குள்ளும் சொந்த வீட்டுக்காரர்களும் வயதானவர்களுமே கூடுதலாக வந்தார்கள். ஸ்பானிய மொழி பேசும் குடியேறிகள் குறைவு.

பத்தாண்டு தேவைப்பட்டதற்குக் காரணம் இதுதான்: மாற்றம் தெரியக் காலம் பிடிக்கும், அதுவும் எல்லாத் தரப்புக்கும் ஒரேபோல் வருவதில்லை. காலப்போக்கில் போலீஸைப் பற்றிய கருத்து எல்லாத் தரப்பிலும் மேம்பட்டது. தங்கள் பகுதியின் நிலைமை மிகவும் தேறியதாகச் சொன்னவர்கள் கறுப்பின மக்கள். ஸ்பானிய மொழி பேசுவோரோ, மோசமாகிவிட்டது என்றார்கள். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டிருந்தால் அவர்கள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். நகரச் சராசரி அவர்களை முழுக்க விழுங்கியிருக்கும். கட்டுரையில் ஒரே ஒரு வரைபடம்தான் போட முடியுமென்றால், வெள்ளையர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் மூவருக்கும் தனித்தனிக் கோடு போட்டு, அந்த மூன்றாவது கோட்டையும் மொழிவாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்.