ஜாமீன் கிடைத்த பிறகும் தம்பி ஏன் சிறையில் இருக்கிறான்?

கேள்வி: என் தம்பி சென்னையில் கட்டட வேலை செய்பவன். வேலையிடத்தில் செம்புக் கம்பி காணாமல் போனதாக வந்த புகாரில் இரண்டு மாதங்களுக்கு முன் அவனைக் கைது செய்து திருட்டு வழக்குப் போட்டார்கள். எடுக்கவில்லை என்றுதான் இன்றுவரை சொல்கிறான். இதற்கு முன் அவன் மேல் எந்த வழக்கும் கிடையாது. ஐந்து வாரங்களுக்கு முன் ஜாமீன் உத்தரவு வந்துவிட்டது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும் என்கிறார்கள். நானும் சித்தப்பாவும் கொண்டுபோன வீட்டு வரி ரசீதை வெளி மாவட்டம் என்று ஏற்கவில்லை. நீதிமன்ற வாசலில் ஒருவர், எட்டாயிரம் கொடுத்தால் ஜாமீன் நிற்க ஆள் தருவதாகச் சொல்கிறார். குற்றத்தை ஒப்புக்கொண்டால் இருந்த நாட்களைத் தண்டனையாகக் கழித்து விட்டுவிடுவார்கள் என்று உள்ளே இருப்பவர்கள் தம்பியிடம் சொல்கிறார்களாம். புனேயில் கார் மோதி இரண்டு பேர் இறந்தபோது, ஓட்டியதாகச் சொல்லப்பட்ட பணக்கார வீட்டுப் பையனுக்கு கட்டுரை எழுதச் சொல்லி அன்றே ஜாமீன் கொடுத்தார்களே! சட்டம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா? தம்பி ஒப்புக்கொண்டு வெளியே வந்துவிடலாமா?
— வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் தாமதம் கூடாது. செய்யாத குற்றத்தை, ஜாமீனுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் தம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது. இருந்த நாட்களைக் கழித்து விட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான். அதனால்தான் அந்த யோசனை அவ்வளவு எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த நாளிலிருந்து அவர் திருட்டுக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் ஆகிவிடுவார். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவின்படி, முதல் முறை சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு சிறை என்று இருந்தாலும் குறைந்தபட்ச தண்டனை எதுவும் இல்லை. இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டாலோ ஓராண்டுக்குக் குறையாத கடுங்காவல், ஐந்தாண்டு வரை நீளலாம். வேலையிடத்தில் அடுத்து ஒரு பொருள் காணாமல் போனால் முதலில் யாரைத் தேடி வருவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இன்று ஒரு வாரத்தில் விடுதலை தரும் ஒப்புதல், நாளை ஓராண்டைப் பறித்துக்கொள்ளக் கூடியது.

சட்டம் பணக்காரர்களுக்கு மட்டும்தானா என்று கேட்கிறீர்கள். சட்டத்தின் வாசகத்தில் அப்படி இல்லை. ஆனால் நடைமுறையில் வசதி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே சட்டத்தின் கீழ் வெவ்வேறு வாழ்க்கையை அனுபவிக்கிறார்கள் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. நீங்கள் சொன்ன புனே வழக்கு 2024 மே மாதத்தில் நடந்தது. அதில் சிறார் ஒருவருக்கு ஜாமீன் கொடுத்ததை மட்டும் வைத்துக் குறை சொல்ல முடியாது. சிறார் நீதிச் சட்டம் ஜாமீனையே பொது விதியாக வைத்திருக்கிறது, அது ஏழை வீட்டுச் சிறுவனுக்கும் உரியது. 300 சொற்களில் கட்டுரை என்ற நிபந்தனை நாட்டையே கொதிக்க வைத்தது உண்மை. ஆனால் என்னை அதைவிட உலுக்கியது வேறு: அந்தச் சிறுவனின் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக மருத்துவர்கள் மீது வழக்குப் பதிந்து கைது செய்ய வேண்டி வந்தது. பணத்தின் வேலை பெரும்பாலும் தீர்ப்பு நாளில் நடப்பதில்லை. கைதுக்கு முன்பே முன்ஜாமீன் கேட்க வழக்கறிஞர் இருப்பது, கைதான அன்று மாலையே மனு தயாராவது, உத்தரவு வந்த மறுநாளே ஜாமீன்தாரர்கள் வந்து நிற்பது என்று விசாரணைக்கு முந்தைய நாட்களிலேயே அது நடந்து முடிந்துவிடுகிறது.

ஏழைகள் தோற்பதும் அதே நாட்களில்தான். 2022ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் இன்னும் எந்தக் குற்றமும் நிரூபிக்கப்படாதவர்கள். இவர்களில் உங்கள் தம்பியைப் போல ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்களின் நிலைதான் எனக்கு மிகவும் கொடுமையாகத் தெரிகிறது. நீதிமன்றமே இவரை வெளியே விடலாம் என்று சொல்லிவிட்ட பிறகு, அவரை உள்ளே வைத்திருப்பது அவருடைய குற்றம் அல்ல, சொந்தக்காரர்களிடம் சொத்து இல்லாமை மட்டுமே.

உங்களுக்கு நேர்ந்தது போலவே ஒரு வழக்கு 1978இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கொத்தனார். உச்ச நீதிமன்றமே அவருக்கு ஜாமீன் கொடுத்திருந்தது. கீழ் நீதிமன்றமோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, ஜாமீன் நிற்க வந்த அவருடைய சகோதரரை, சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டது. மோதிராம் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அவரை ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைப் பத்திரத்தில், அதாவது ஜாமீன்தாரர் இல்லாமல் அவரே எழுதிக் கொடுக்கும் உறுதியின் பேரில், விடுவிக்க உத்தரவிட்டார். வெளி மாவட்டத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை ஒதுக்குவதை அவர் கடுமையாகக் கண்டித்தார். ஒரு தமிழரோ மலையாளியோ தொலைதூரத்துப் பஸ்தரிலோ சாந்தினி சௌக்கிலோ கைதானால், அங்கே சொத்து உள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று அந்தத் தீர்ப்பில் கேட்டிருக்கிறார். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும், விழுப்புரத்து ரசீது சென்னையில் செல்லவில்லை என்று நீங்கள் எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. மோதிராம் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டே, பீகார் சிறைகளில் தங்கள் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனைக் காலத்தையும் தாண்டிச் சிலர் விசாரணையின்றிக் கிடந்ததை ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொண்டுவந்தது. ஆகவே நீதிமன்றங்களுக்கு இது தெரியாத விஷயம் அல்ல. சொன்னது கீழே வந்து சேர்வதில்லை என்பதுதான் துயரம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த வழிகாட்டுதல்கள் உங்கள் தம்பிக்கு நேரடியாகப் பொருந்துகின்றன. ஜாமீன் உத்தரவு வந்து ஏழு நாட்களுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அதை, இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாமல் போனால், நிபந்தனையை மாற்றலாமா தளர்த்தலாமா என்பதை நீதிமன்றம் தானாகவே எடுத்துப் பார்க்கலாம். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று வற்புறுத்துவதே விடுதலை தாமதமாவதற்கு ஒரு காரணம் என்றும், அப்படி நிபந்தனை போட வேண்டாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. உங்கள் கணக்கில் ஐந்து வாரங்கள் கடந்துவிட்டன.

எனவே வழக்கு நடக்கும் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. பெண் என்ற முறையில் நீங்களும் அதே பிரிவில் வருகிறீர்கள். ஜாமீன் உத்தரவின் நகல், குற்ற எண், சிறையில் தம்பிக்குக் கொடுத்திருக்கும் எண், உங்கள் ஆதார், குடும்ப அட்டை, அந்த வீட்டு வரி ரசீது ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வெளி மாவட்ட ஜாமீன்தாரர்களை ஏற்கவோ, சொந்தப் பிணைப் பத்திரத்தில் விடவோ, தொகையைக் குறைக்கவோ கோரி அதே நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள். அங்கே மறுத்தால் அமர்வு நீதிமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் அணுகலாம். பிணைத் தொகை அளவு மீறியதாக இருக்கக் கூடாது என்பது நடைமுறைச் சட்டத்திலேயே உள்ள விதி. நீதிமன்றம் பணமாகக் கட்ட அனுமதித்தால், ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த திட்டத்தின் கீழ் விசாரணைக் கைதிக்கு உதவி கேட்க வழி இருக்கிறது. அதையும் அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். நேரில் போக முடியாத நாளில் 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

வாசலில் நிற்கும் அந்த மனிதரிடம் எட்டாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அப்படி வரும் ஆட்களின் ரசீதும் சான்றிதழும் போலி என்று தெரியவந்தால், ஜாமீன் ரத்தாவதோடு புதிய வழக்கும் வந்து சேரும்.

தம்பி வெளியே வந்த பிறகு ஒரு சிரமம் இருக்கும். தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒவ்வொரு நாளும் வேலை இழப்புதான். மாதச் சம்பளக்காரருக்கும் தொழிலதிபருக்கும் அப்படி இல்லை. எனவே சில வாரங்கள் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுச் செய்யலாம். அதற்கும் அதே இலவச வழக்கறிஞரைக் கேளுங்கள்.

அடுத்த முறை சிறைக்கு மனுப் பார்க்கப் போகும்போது, வழக்கறிஞரைப் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். சிறைக்குள்ளேயே சட்ட உதவி மையமும், வந்து போகும் சட்டத் தன்னார்வலர்களும் உண்டு. ஜாமீன் கிடைத்து எத்தனை நாளாகிறது என்பதை அவரே அங்கே எழுத்தில் கொடுக்கட்டும். நீங்கள் வெளியே கொடுக்கும் மனுவுக்கும் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.