மத்தியதரைக் கடலோர ஊர் ஒன்றுக்குச் சுற்றுலா போனால் காசுக்குத் தகுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

தகும். ஆனால் மணலில் காலை நீட்டிப் படுக்கும் ஆசையில்தான் கிளம்புகிறீர்கள் என்றால் நான் போன ஊர் உங்களுக்கு ஆகாது. பிரான்ஸின் தென்கிழக்கு மூலையில், இத்தாலி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நீஸ். அக்டோபர் முதல் வாரத்தில் நானும் மனைவியும் ஆறு நாள் தங்கினோம்.

முதல் நாளே மூக்குடைபட்டேன். திருவான்மியூர்க் கடற்கரைக்குப் போகிற பழக்கத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன். நீஸில் மணல் கிடையாது. கரை முழுக்கச் சாம்பல் நிறக் கூழாங்கல். எலுமிச்சை அளவில் தொடங்கி உள்ளங்கை அளவு வரை. பாதத்துக்கு அடியில் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் உருளும். பத்தடி போவதற்குள் தீ மிதிப்பவனைப் போல ஆடிக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா என்னைக் கடந்து விறுவிறுவென்று தண்ணீருக்குள் போனார். போகிற போக்கில் தன் காலைத் தூக்கிக் காட்டினார்: ரப்பர் செருப்பு, குதிகால் வரை மூடியது. இருபது ரூபாய்க் கடலைப் பொட்டலத்தோடு கரையில் உட்கார்ந்து பழகியவனுக்கு, கடலுக்குப் போகத் தனியாக ஒரு செருப்பு வேண்டும் என்று எப்படித் தெரியும்? அன்று சாயங்காலமே ஆளுக்கொரு ஜோடி வாங்கிவிட்டோம். ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள், மலிவு.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கரை சட்டென்று சரிந்து இறங்குகிறது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நிற்கிறோம் என்று நினைத்து இரண்டு எட்டு வைத்தால் கழுத்து வரை வந்துவிடும். நீச்சல் தெரியாத குழந்தைகளை இங்கே இறக்கவே கூடாது.

ஆனால் அந்தக் கல்லுக்கு ஒரு சத்தம் உண்டு. அலை வரும்போது நம்மூர் போலத்தான் 'ஓ'வென்று வருகிறது. திரும்பிப் போகும்போது ஆயிரக்கணக்கான கற்களையும் உருட்டிக்கொண்டு இறங்கும். பெரிய முறத்தில் பயறு புடைப்பது போல ஒரு சலசலப்பு. ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடியே தூங்கினோம். ('கடல் தெரியும் அறை' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். பால்கனிக் கம்பியைப் பிடித்து இடுப்புக்கு மேல் வெளியே சாய்ந்தால் தெரிந்தது. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை.)

கடலைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பெயினுக்கும் மொராக்கோவுக்கும் நடுவே, ஜிப்ரால்டரில், அட்லாண்டிக்குக்கு ஒரே ஒரு குறுகலான வாசல், மற்றபடி ஏறக்குறைய மூடிய கடல். அதனால் கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் என்பதே பெயருக்குத்தான். காலையில் துண்டை விரித்த இடத்திலேயே சாயங்காலமும் விரிக்கலாம், நனையாது. வெயிலில் ஆவியாகும் அளவுக்கு ஆறுகள் வந்து சேராததால் உப்பும் தூக்கல்: லிட்டருக்குச் சுமார் 38 கிராம். கங்கை, கோதாவரி எல்லாம் வந்து கொட்டும் வங்கக் கடலில் இவ்வளவு இல்லை. மல்லாந்து படுத்தால் உடம்பு தானாக மிதக்கிறது. நிறத்தைச் சொல்லாமல் விடுகிறேன். புகைப்படங்களில் நிறம் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை.

கடற்கரை ஓரமாகவே சுமார் 7 கிலோமீட்டருக்கு நீள்கிறது 'ஆங்கிலேயர் நடைபாதை'. குளிருக்குப் பயந்து இங்கே வந்து தங்கிய ஆங்கிலேயர்கள் 1820களில் பணம் போட்டு, வேலையில்லாமல் கையேந்தி நின்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்துப் போட்ட பாதை. அதனால்தான் அந்தப் பெயர். அப்போது நீஸ் பிரான்ஸிலேயே இல்லை, சவாய் அரச குடும்பத்தின் ஆட்சியில் இருந்தது. பிரான்ஸோடு நிரந்தரமாகச் சேர்ந்தது 1860இல். இத்தாலியை ஒன்றாக்கப் போராடிய கரிபால்டி பிறந்த ஊரும் இதுதான்.

நாம் கோடை வாசஸ்தலம் என்று நினைக்கிற இந்த ஊர் உண்மையில் குளிர்கால ஊர். ரஷ்யப் பிரபுக்களும் இங்கிலாந்துச் சீமான்களும் பனிக்காலத்தைக் கழிக்க வந்தார்கள். 1890களின் கடைசியில் விக்டோரியா மகாராணியே சீமியே குன்றில் வந்து தங்கிப் போனார். கோடை வந்தால் பெரிய ஓட்டல்களைப் பூட்டிவிடுவார்களாம். வெயிலில் கிடந்து கறுப்பது நாகரிகமானதெல்லாம் 1920களுக்குப் பிறகு வந்த கூத்து. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் நீஸைச் சேர்த்தபோதும் 'குளிர்கால வாசஸ்தலம்' என்றுதான் சேர்த்தது. இது தெரிந்த பிறகு, கடலில் இறங்காமல் கரையிலேயே உட்கார்ந்திருந்ததற்காக நான் வெட்கப்படுவதை நிறுத்திவிட்டேன். அந்த ஊரைக் கட்டியவர்களே உட்காரத்தான் வந்தார்கள்.

உட்காருவதற்கு நடைபாதையில் நீல நிற நாற்காலிகள் கடலைப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் காசு வாங்கிக்கொண்டுதான் உட்கார விடுவார்களாம், இப்போது இலவசம். இதற்கு நேர் கீழே, கரையில், தனியார் கூடாரங்களில் சாய்வுப் படுக்கை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். கடல் ஒன்றேதான். நடுநடுவே பொதுக் கரையும் இருக்கிறது. துண்டை விரித்துப் படுத்துக்கொண்டால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. உடை விஷயத்தில் கூச்சப்படுகிறவர்களுக்கும் ஒன்று: அங்கே யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, பார்த்துக்கொண்டே நிற்பது நாம் மட்டும்தான்.

நடைபாதையின் கிழக்குக் கோடியைத் தாண்டி ஒரு தேவதைச் சிலை நிற்கிறது. 2016 ஜூலை 14 இரவு, வாணவேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்துக்குள் ஒருவன் லாரியை ஏற்றியதில் 86 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக வைத்தது. ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்த நாங்கள் அங்கே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.

இனி சாப்பாடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். பழைய ஊருக்குள் 'கூர் சாலேயா' என்று ஒரு சந்தை, பூவும் காய்கறியும். திங்கட்கிழமை மட்டும் அவற்றை எடுத்துவிட்டுப் பழம்பொருட்களைப் பரப்புகிறார்கள். அங்கே 'சோக்கா' என்று ஒன்று விற்கிறது. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். அகலமான செம்புத் தட்டில் மெல்லிசாக ஊற்றி விறகு அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். மேலே ஆங்காங்கே கருகி, ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் இளக்கமாக வரும். கரண்டியால் சுரண்டி எடுத்துக் காகிதத்தில் வைத்து மிளகுத் தூளைத் தாராளமாகத் தூவித் தருவார்கள். கையால் பிய்த்துத்தான் தின்ன வேண்டும். முதல் வாய் போட்டதுமே என் மனைவி, "என்னங்க, இது எங்கம்மா அவசரத்துக்கு ஊத்துற கடலமாவு தோசைதானே? வெங்காயம் மட்டும் போடல" என்றாள். அதன் பிறகு ஆறு நாளும் அதுதான் காலைச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. சூடாகத் தின்னுங்கள், ஆறினால் ரப்பர்.

ஏமாந்துவிடக் கூடியவை: வெங்காயத்தை வதக்கிப் பரப்பிய 'பிஸ்ஸாலதியேர்' பார்க்கச் சைவம் போலத் தெரியும், உள்ளே நெத்திலி இருக்கும். நீஸ் சாலட்டிலும் மீன், முட்டை உண்டு. மதியம் இரண்டு மணியோடு பல உணவகங்கள் அடுப்பை அணைத்துவிடும், பிறகு ஏழு மணிக்குத்தான். மூன்று மணிக்குப் பசியோடு அலைந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீரைக் கூஜாவில் கேட்டால் இலவசமாக வைப்பார்கள். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் 'பொன்ஜூர்', அதாவது வணக்கம். அதைச் சொல்லாமல் நேராக விலையைக் கேட்டால் முகம் சுண்டிவிடும்.

சந்தைக்குப் பக்கத்தில் கோட்டைக் குன்று. பெயரில் மட்டும்தான் கோட்டை. 1706இல் பதினான்காம் லூயி இடித்துத் தள்ளச் சொல்லிவிட்டார். மேலே ஏறினால் முழு வளைகுடாவும் தெரியும், மின்தூக்கியும் இருக்கிறது. பகல் பன்னிரண்டுக்கு அங்கிருந்து 'டமார்' என்று ஒரு வெடி. நான் நிஜமாகவே குனிந்துவிட்டேன். 1860களில் அங்கே வந்து தங்கிய ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் மனைவி ஊர்க்கதை பேசிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு நேரத்தில் வரவே மாட்டாராம். அவரை வீட்டுக்குக் கூப்பிட இந்தப் பீரங்கி ஏற்பாடு என்று கதை சொல்கிறார்கள். இன்றும் தினமும் வெடிக்கிறது. என் மனைவிக்கு இந்தக் கதை பிடிக்கவில்லை.

மணல்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழி ரயிலில் இருக்கிறது. கிழக்கே ஏழெட்டு நிமிடத்தில் வில்ஃபிரான்ஷ். ஸ்டேஷனை விட்டு இறங்கினால் கரை, சொரசொரப்பான மணல், குளம் போல அடங்கிய விரிகுடா. சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிய என் மனைவி ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. ஆறு நாளில் எனக்குப் பிடித்த பொழுது எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதே தடத்தில் மொனாக்கோ என்ற குட்டி நாடு: 2 சதுர கிலோமீட்டர் சொச்சம் நிலத்துக்கு மேல் கட்டடங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள், ஸ்டேஷன்கூடப் பாறைக்குள்தான். கார்களைப் பார்க்கப் பிடித்தால் போங்கள், எனக்கு இரண்டு மணி நேரமே அதிகம். அதற்கு அப்புறம் எலுமிச்சைக்குப் பேர் போன மொந்தோன். ஒரு முழு நாளை அதற்கு வையுங்கள்.

செலவு. ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம்; அறை வாடகை எகிறும், கரையில் கால் வைக்க இடம் இருக்காது. மே, ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது. அக்டோபர், நவம்பரில் மழை உண்டு. எங்களுக்கும் ஒரு நாள் அடித்து ஊற்றியது. பிப்ரவரியில் கார்னிவல் நடக்கும், குளிக்க முடியாது, மற்றதெல்லாம் முடியும். பிரான்ஸுக்குப் போக எடுக்க வேண்டிய ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, அதோடு குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். விமான நிலையத்திலிருந்து டாக்ஸி எடுக்காதீர்கள், டிராம் நேராக ஊருக்குள் வருகிறது.

ரயிலில் மொனாக்கோ பக்கம் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், கடல் அந்தப் பக்கம். நாங்கள் இடப்பக்கம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே போனோம்.